கெண்டைக்கால் உளைவைக் கடைசி வரியில் எழுதாதீர்கள்

ரீச்சர், கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்ஷன் சத்திரசிகிச்சைக்குப் பிறகு போடுகிற இறுக்கமான கொம்ப்ரஷன் உடுப்பைப் பற்றி நீங்கள் எழுதியது இரண்டு பக்கக் கடிதம். அதன் கடைசி வரியில், போகிற போக்கில் எழுதியது போல, ‘இடது கெண்டைக்கால் மூன்று நாளாக உளைகிறது, தைலம் பூசி உருவினேன், டைக்ளோபினாக் நோவுக் குளிசை போட்டேன், இப்போது பரவாயில்லை’ என்று இருக்கிறது. மற்றதெல்லாம் பிறகு. நான் அந்த வரியில்தான் தொடங்க வேண்டும்.

கடிதம் கைக்கு வந்த அன்றே நீங்கள் தந்திருந்த இலக்கத்துக்கு அழைத்து, பதில் வரும்வரை இருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படி அவசரப்படுத்தினேன் என்பதை இங்கே எழுதுகிறேன், உங்களைப் போல அறைக்கதவைச் சாத்திக்கொண்டு யோசிக்கும் மற்றவர்களுக்காகவும்.

மூன்று வாரத்துக்கு முன் கொழும்பில் முழு மயக்கம் கொடுத்து வயிற்றிலும் தொடையிலும் லைப்போசக்ஷன் செய்திருக்கிறீர்கள். ஆறாம் நாள் இரவு பஸ் ஏறி, ஏறத்தாழ 400 கிலோமீற்றர் கால் மடித்தபடி யாழ்ப்பாணம் வந்திருக்கிறீர்கள். வந்த பிறகு பெரும்பாலும் கட்டில்தான். தொடையில் முழங்காலுக்கு மேலே முடிகிற கொம்ப்ரஷன் உடுப்பு, அதுவும் ஓர் அளவு சிறியது, அதற்கு மேல் இன்னொன்று. இவ்வளவும் சேர்ந்திருக்கிற ஒருவருக்கு ஒரு கால் மட்டும் உளைந்தால், வேறு எதையும் நினைப்பதற்கு முன் ஆழ்நாளத்தில் இரத்தம் உறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு சில வாரங்களுக்கு இரத்தம் வழமையை விட எளிதாக உறையும். கால் அசையாமல் இருந்தால் கெண்டைக்காலின் ஆழ்நாளங்களில் இரத்தம் தேங்கும். அங்கே இரத்தக்கட்டி உருவானால் அது மேலே வளரலாம். ஒரு துண்டு பிரிந்து நுரையீரலுக்கும் போகலாம். லைப்போசக்ஷனுக்குப் பிறகு உயிரைப் பறிக்கும் சிக்கல்களில் இது முக்கியமானது. அடிக்கடி வருவதில்லை என்பது உண்மைதான். ஆனால் வந்த இடத்தில் தைலம் பூசி உருவுவது ஆபத்தான வேலை.

வீட்டில் ஒன்று பார்க்கலாம். தையல் டேப்பை எடுங்கள். முழங்காற்சில்லுக்குக் கீழே முன்பக்கம் எலும்பு முட்டிக்கொண்டிருக்கும் இடத்திலிருந்து 10 சென்ரிமீற்றர் இறங்கி, இரண்டு கெண்டைக்காலையும் சுற்றளந்து பாருங்கள். வித்தியாசம் 3 சென்ரிமீற்றருக்கு மேல் என்றால் சந்தேகம் மிகவும் கூடுகிறது. ஒரு கால் மற்றதைவிடச் சூடாக இருப்பது, அமத்தினால் நோவது, நிறம் மாறுவது எல்லாம் அதே பக்கம்தான் கை காட்டும். ஆனால் அளவு சரியாக இருக்கிறது என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். கட்டி இல்லை என்று சொல்ல டேப் போதாது, நாளத்தில் இரத்தம் ஓடுவதைப் பார்க்கும் டொப்ளர் ஸ்கான் வேண்டும். திடீரென்று மூச்சு வாங்கினால், மூச்சை உள்ளே இழுக்கும்போது நெஞ்சில் குத்தினால், சளியில் இரத்தம் கண்டால், தலை சுற்றி விழப் போனால், ஓட்டோவும் வேண்டாம், யாருடைய மோட்டார் சைக்கிளும் வேண்டாம். 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள். அது இலவசம்.

நீங்கள் ஏன் இவ்வளவு நாளும் போகவில்லை என்பதும் கடிதத்திலேயே இருக்கிறது. பாடசாலையில் கர்ப்பப்பை ஒப்பரேஷன் என்று லீவு எடுத்திருக்கிறீர்கள். அம்மாவையும் தங்கச்சியையும் தவிர வேறு யாருக்கும் தெரியாது. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குப் போனால் பழைய மாணவி ஒருத்தி தாதியாக நிற்பாள், ஊர் முழுக்கத் தெரிந்துவிடும் என்று பயப்படுகிறீர்கள். ரீச்சர், நிற்கலாம்தான். ஆனால் நோயாளி சொன்னதை வெளியே சொல்லக்கூடாது என்பது அவளுக்கும் கற்பிக்கப்பட்ட கடமை. திரைக்குப் பின்னால் வைத்துத்தான் பேசுவேன் என்று கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. கேளுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். அவசரப் பிரிவில் போய் ‘சும்மா கால் உளைவு’ என்று சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால், நாள் முழுக்க நின்று படிப்பிக்கிற 41 வயது ஆசிரியையின் கால் உளைவாகத்தான் அது பார்க்கப்படும். நோவுக் குளிசையோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், அவர்களில் பிழை சொல்ல முடியாது. லைப்போசக்ஷன், செய்த திகதி, முழு மயக்கம், இரவு பஸ், இப்போது போடும் குளிசைகள் எல்லாவற்றையும் சொல்லுங்கள். அழகுக்காகச் செய்தது என்று எவரும் முகம் சுளித்தால் அது அவருடைய குறை. உங்கள் உடம்புக்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கட்டி இருந்தாலும் பயப்படாதீர்கள், மருந்து இருக்கிறது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஊசி, பிறகு சில மாதங்களுக்குக் குளிசை. பெரும்பாலானவர்கள் சுகமாகிவிடுகிறார்கள்.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய டைக்ளோபினாக்கை நிறுத்துங்கள். அது நோவை மறைத்ததால்தான் ‘பரவாயில்லை’ என்று எழுதினீர்கள். கட்டியை அது தொடாது. இரத்தம் உறையாமலிருக்க மருந்து தொடங்கினால் அதோடு சேர்ந்து இரத்தக்கசிவை வேறு கூட்டும். வீக்கம் இறங்க என்று யாரோ தந்த ‘தண்ணிக் குளிசை’யையும் எறிந்துவிடுங்கள். அது உடம்பின் நீரை வற்றச் செய்யும், அறுத்த இடத்தின் வீக்கத்துக்கு மருந்தல்ல. ஒரு துண்டுக் கடதாசியில் பெயர் எழுதிக் கொடுத்தால் எதையும் தருகிற கடைகள் நம்மூரில் இருக்கின்றன என்பது எனக்கும் தெரியும். அதைப் பார்க்கும்போதெல்லாம் கோபம்தான் வருகிறது.

சரி, இரண்டு பக்கமும் நிறைந்திருக்கிற உடுப்பு விஷயத்துக்கு வருவோம்.

‘ஒரு மணித்தியாலம் கழற்றினாலும் தோல் தொங்கிவிடும், கொழுப்புத் திரும்ப வந்துவிடும்’ என்று வீடியோவில் ஒருவர் சொன்னாராம். அது பொய். உறிஞ்சி எடுத்த கொழுப்புக் கலங்கள் திரும்ப வருவதில்லை. மிஞ்சியிருப்பவை நீங்கள் எடை போட்டால் பருக்கும், அதை எந்த உடுப்பும் தடுக்காது. தோல் எவ்வளவு சுருங்கும் என்பதை வயதும் தோலின் இழுவையும்தான் பெரும்பாலும் தீர்மானிக்கும். உடுப்பின் வேலை சிறியது: குழாய் போய் வந்த இடத்தில் தோலுக்கும் தசைக்கும் நடுவில் நீர் தேங்காமல் பார்ப்பது, வீக்கத்தையும் கண்டலையும் குறைப்பது, அசையும்போது நோவைத் தணிப்பது. முதல் இரண்டு மூன்று வாரத்தில்தான் அதன் பயன் கூட. எத்தனை வாரம் போட வேண்டும் என்பதில் சத்திரசிகிச்சை நிபுணர்களுக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை. சிலர் இரண்டு வாரம் என்பார்கள், சிலர் ஆறு. உங்களுக்குச் செய்தவரிடம் கேளுங்கள், வீடியோவிடம் கேட்காதீர்கள்.

பிள்ளை பெற்ற பிறகு சேலைத் துணியால் வயிறு கட்டிய பழக்கத்தில், இறுக்க இறுக்கத்தான் வயிறு உள்ளே போகும் என்று அம்மா சொல்கிறார். அவருடைய அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் இது அதுவல்ல. மேலே போட்ட இரண்டாவது உடுப்பை இன்றே கழற்றுங்கள். இறுக்கம் கூடினால் பலன் கூடாது, இரத்தம் கீழிருந்து மேலே திரும்புவதுதான் குறையும். உங்கள் உடுப்பு தொடையில் முடிகிறது. இருக்கும்போது அதன் விளிம்பு சுருண்டு, முழங்காலின் பின்பக்கத்திலும் அரையிடுக்கிலும் ரப்பர் பட்டி போட்டது போல இறுக்குகிறது. கட்டி வராமல் தடுக்க ஆஸ்பத்திரியில் போடுகிற காலுறை கணுக்காலில் அதிகமாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும் அமத்தும். உங்களுடையது அந்த வகை அல்ல. கால் முழுக்க இறுக்கமாக இருக்கிறது, அதனால் கட்டி வராது என்று பலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை ஆபத்தானது.

ஓர் அளவு பெரியதை வாங்குங்கள். விளிம்புக்குள் இரண்டு விரல் போக வேண்டும். கழற்றிய பிறகு தோலைப் பாருங்கள். மெல்லிய சிவப்புக் கோடு விழுந்து கொஞ்ச நேரத்தில் மறைந்தால் சரி. விரல் வைத்தால் உணரக்கூடிய பள்ளம் நின்றால், கொப்புளம் கண்டால், கால்விரல் விறைத்தால் அந்த உடுப்பு உங்களுக்கு ஆகாது. குளிக்கக் கழற்றலாம், தோய்த்துக் காயும்வரை போடாமலும் இருக்கலாம். இப்போதுதான் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு ஒரு சொல்: முதற்தடவை கழற்றும்போது தலை சுற்றலாம். கிணற்றடியில் நின்று கழற்றாதீர்கள். கட்டிலில் இருந்து, பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு கழற்றுங்கள்.

மற்றவை எல்லாம் பயப்படும் விஷயம் இல்லை. தோலுக்குக் கீழே கட்டி கட்டியாகத் தட்டுப்படுவது ஆறுகிற தழும்புத் திசு, மாதக்கணக்கில் இளகும். மரத்துப்போன இடத்தில் உணர்ச்சி மெல்ல மெல்லத் திரும்பும். ஒரு பக்கம் கூடுதலாக வீங்குவது சகஜம், சரியான வடிவத்தைப் பார்க்க மூன்று முதல் ஆறு மாதம் ஆகும், கண்ணாடிக்கு முன் இப்போது நிற்கவே வேண்டாம். வயிற்றுக் கண்டல் தொடைக்கு இறங்கியது புவியீர்ப்பால். வேர்க்குருவுக்கு உள்ளே மெல்லிய பருத்தித் துணி போதும். வயிற்றில் தண்ணீர்ப்பை போலத் தளம்பினால் மட்டும் செய்தவரிடம் காட்டுங்கள். காய்ச்சலோடு சிவப்புப் பரவினால் அன்றைக்கே காட்ட வேண்டும்.

நல்லூர்த் திருவிழாவுக்குச் சேலை உடுத்தும்போது உடுப்பைக் கழற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். கால் விஷயம் தெளிவாகி, டொக்டர் நடக்கலாம் என்றால், தாராளமாகக் கழற்றிவிட்டுப் போங்கள். ஆனால் திருவிழாவுக்காக மாதவிடாயைத் தள்ளிப்போடுகிற குளிசை இப்போது வேண்டாம். அதில் இருக்கிற நோரெதிஸ்டெரோன் உடம்பில் ஒரு சிறு பங்கு ஈஸ்ட்ரோஜனாக மாறும், இரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டும். ஏற்கனவே போடத் தொடங்கியிருந்தால், அல்லது கருத்தடைக் குளிசை போடுபவராக இருந்தால், ஆஸ்பத்திரியில் முதலில் சொல்ல வேண்டியவற்றோடு அதையும் சொல்லுங்கள்.