மழையில் சைக்கிள் பிரேக் ஏன் வழுக்குகிறது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துச் சடக்கில் தினமும் வேலைக்குப் போகிறவரின் கேள்வி இது: மழையில் பிரேக் பிடிப்பதில்லை, கிரீச்சென்ற சத்தம் வேறு, பிரேக் கட்டையை மாற்ற வேண்டுமா?

முதலில் ரிம்மை, அதாவது கட்டை அழுத்திப் பிடிக்கும் சக்கரத்தின் உலோக வளையத்தைப் பாருங்கள். குரோம் பூசிய இரும்பு ரிம் என்றால் எந்த ரப்பர் கட்டை போட்டாலும் ஈரத்தில் சரியாகப் பிடிக்காது. அலுமினிய ரிம்முக்கு மாறிவிடுங்கள், உயிர் விஷயம்.

அலுமினியம்தான் என்றால், காரணம் பெரும்பாலும் செம்மண். கட்டையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் ரப்பருக்குள் மணலும், ஊசிமுனைபோல் மின்னும் உலோகத் துணுக்குகளும் தெரியும். அவைதான் ரிம்மையும் அரிக்கின்றன. கத்தி நுனியால் நோண்டி எடுத்து, மேற்பரப்பை மணல்தாளில் தேயுங்கள். ரிம்மைச் சோப்பு நீரில் கழுவுங்கள். மாட்டும்போது கட்டையின் முன்முனை ரிம்மை முதலில் தொடட்டும்; பின்முனையில் 1 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் சத்தம் அடங்கும்.

நனைந்த ரிம்மில் முதல் ஓரிரு சுற்று நீரை வழிக்கவே போய்விடும். அதனால் முன்கூட்டியே லேசாகப் பிடிக்கத் தொடங்குங்கள். செம்பனை லோரிகள் திரும்பும் வளைவுகளில் உதிர்ந்த பழம் நசுங்கிக் கிடக்கும். அங்கே வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள், வளைவுக்குள் பிரேக்கைத் தொடாதீர்கள்.

சங்கிலிக்கு எண்ணெய் விடும்போது கட்டையிலும் ரிம்மிலும் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது.