கோவை டெபாசிட் வட்டியும் வயோமிங் காப்பீட்டு மானியமும்

கேள்வி: அமெரிக்காவில் வயோமிங் மாநிலத்தின் சிறிய ஊர் ஒன்றில் இருக்கிறோம். கிரீன் கார்டு வாங்கிப் பதினைந்து வருடம் ஆகிறது. எனக்கு வயது 61, மனைவிக்கு 58. நான் போன வருடம் ஓய்வுபெற்றேன். மனைவி பகுதிநேர வேலைக்குப் போகிறார், அங்கே காப்பீடு கிடையாது. 2026-இல் என் 401(கே) ஓய்வுச் சேமிப்புக் கணக்கிலிருந்து 52,000 டாலர் எடுக்கிறேன். மனைவி சம்பளம் 29,500. ஆக 81,500. சொந்தமாக வாங்கும் மருத்துவக் காப்பீட்டுக்கு அரசு தரும் மானியத்துக்கு வருமான வரம்பு 84,600 என்கிறார்கள். இதுபோகக் கோவையில் என்ஆர்இ (வெளிநாடுவாழ் இந்தியருக்கான) டெபாசிட் வட்டி சுமார் 5,200 டாலர், வீட்டு வாடகை 2,900 டாலர் வருகிறது. அந்த வட்டிக்கு இந்தியாவில் வரியே இல்லையே, அதையும் சேர்க்க வேண்டுமா? கொஞ்சம் தாண்டினால் மானியம் எவ்வளவு குறையும்?

பதில்: சேர்க்க வேண்டும். தாண்டினால் மானியம் குறையாது, மொத்தமாகவே போய்விடும். இந்த இரண்டையும் இப்போதே கேட்டது நல்லதாகப் போயிற்று. வருடம் முடிந்து வரித்தாக்கல் செய்யும்போது தெரியவந்தால் செய்வதற்கு அதிகம் இருக்காது.

வறுமைக்கோட்டின் 400 சதவீதம் என்கிற இந்த வரம்பு 2021-லிருந்து 2025 வரை நடைமுறையில் இல்லை. வருமானம் எவ்வளவு இருந்தாலும், அதில் எட்டரை சதவீதத்துக்கு மேல் போகும் பிரீமியத்தை அரசு ஏற்றுக்கொண்டது. அந்தச் சலுகை 2025 டிசம்பர் 31-உடன் முடிந்தது. 2026-க்குப் பழைய விதி திரும்பிவிட்டது. குடும்ப வருமானம் வறுமைக்கோட்டின் 100 சதவீதத்துக்கும் 400 சதவீதத்துக்கும் இடையில் இருந்தால்தான் மானியம். இருவர் கொண்ட குடும்பத்துக்குக் கோடு 21,150 டாலர். நான்கால் பெருக்கினால் உங்கள் 84,600 வரும். 84,601 வந்தால் பூஜ்யம்.

அந்த ஒரு டாலரின் விலை என்ன என்று பார்ப்போம். உங்கள் கவுண்டியில் (மாவட்டத்தில்) விற்கும் நடுத்தர வகையான சில்வர் திட்டங்களில் இரண்டாவது மலிவான திட்டத்தின் பிரீமியத்திலிருந்து உங்கள் பங்கைக் கழித்தால் வருவது மானியம். வறுமைக்கோட்டின் 300 முதல் 400 சதவீதம் வரை வருமானம் உள்ளவர்களின் பங்கு 2026-இல் வருமானத்தில் 9.96 சதவீதம். கணக்குக்காக உங்கள் இருவருக்கும் சேர்த்து அந்த சில்வர் பிரீமியம் மாதம் 3,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம் (உண்மையான தொகையை அரசின் காப்பீட்டுச் சந்தையான ஹெல்த்கேர் டாட் கவ் தளத்தில் உங்கள் ஜிப் எண்ணைக் கொடுத்துப் பாருங்கள்). வருடத்துக்கு 36,000. வருமானம் சரியாக 84,600 என்றால் உங்கள் பங்கு சுமார் 8,426. மீதி 27,500-க்கு மேல் மானியம். அடுத்த டாலரில் அத்தனையும் உங்கள் தலையில்.

நியூயார்க்கிலும் வயோமிங்கிலும் வரம்பு ஒன்றுதான். அலாஸ்கா, ஹவாய் இரண்டைத் தவிர நாடு முழுக்க ஒரே வறுமைக்கோடு. ஆனால் பிரீமியம் அப்படியில்லை. வயோமிங் பரப்பில் தமிழ்நாட்டைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, மக்களோ ஆறு லட்சத்துக்கும் குறைவு. பல ஊர்களில் ஒரே மருத்துவமனைதான். அது சொல்லும் கட்டணத்தைக் காப்பீட்டு நிறுவனம் பேரம்பேசிக் குறைக்க வழியில்லை. போட்டிக்கு வரும் நிறுவனங்களும் குறைவு. அதனால் நாட்டிலேயே பிரீமியம் மிக அதிகமான மாநிலங்களில் வயோமிங்கும் ஒன்று. போதாததற்கு, அறுபதைத் தாண்டியவரின் பிரீமியம் இருபது வயதுக்காரருடையதைப் போல மூன்று மடங்கு வரை போகலாம். பெருநகரத்து இளைஞர் வரம்பைத் தாண்டினால் சில ஆயிரம் இழப்பார். உங்களைப் போன்றவர்கள் ஒரு வருடச் சம்பளத்தையே இழப்பார்கள். இது நியாயமில்லை என்பதுதான் என் எண்ணம். ஆனாலும் சட்டம் இன்று இப்படித்தான் இருக்கிறது.

சரி, கோவைக்கு வருவோம். கிரீன் கார்டு வைத்திருப்பவர் உலகில் எங்கே சம்பாதித்தாலும் அது அமெரிக்க வரிக்கணக்கில் வரும். என்ஆர்இ வட்டிக்கு இந்தியா வரிவிலக்கு தருகிறது, அமெரிக்கா தரவில்லை. வாடகைக்கு இந்தியாவில் வரி கட்டியிருந்தால் அதை இங்கே கட்டும் வரியில் கழித்துக்கொள்ளலாம், வருமானம் மட்டும் குறையாது. மானியத்துக்குப் பார்ப்பது 1040 என்கிற வருமான வரிப் படிவத்தில் ஏஜிஐ (சரிசெய்த மொத்த வருமானம்) என்று வருகிற தொகையை. அமெரிக்காவில் வரிவிலக்குள்ள வட்டி, வரி விதிக்கப்படாத சோஷியல் செக்யூரிட்டி (அரசு ஓய்வூதிய) தொகை போன்ற சிலவற்றை அதோடு கூட்டுவார்கள். பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்: எல்லாருக்கும் பொதுவாகக் கிடைக்கும் கழிவான, தம்பதிக்கான 32,200 டாலர் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் இந்தத் தொகைக்கு அப்புறம்தான் கழிகிறது. அதை நம்பி வரம்புக்குள் இருப்பதாக நினைத்துக்கொள்ளாதீர்கள்.

வட்டிக் கணக்கில் இன்னொரு சிக்கல். கோவை வங்கி தரும் வட்டிச் சான்றிதழ் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரைக்கானது. இங்கே உங்களுக்கு வேண்டியது ஜனவரி முதல் டிசம்பர் வரை. சான்றிதழில் உள்ள தொகையை அப்படியே எடுத்துப் போட்டால் கணக்கு தவறும். வங்கியிடம் ஆங்கில வருடத்துக்குத் தனி விவரம் கேளுங்கள், அல்லது காலாண்டு வரவுகளை நீங்களே கூட்டுங்கள். முதிர்ச்சியில்தான் பணம் கைக்கு வரும் என்கிற வகை டெபாசிட்டாக இருந்தாலும், பல வருட டெபாசிட்டின் வட்டியை வருடாவருடம் காட்ட வேண்டும்.

வாடகையில் கொஞ்சம் ஆறுதல் உண்டு. முழு 2,900-ம் சேராது. சொத்து வரி, பழுதுபார்த்த செலவு, கட்டடத்தின் தேய்மானம் எல்லாம் கழியும். வெளிநாட்டு வீட்டுக்குத் தேய்மானம் 30 அல்லது 40 வருடக் கணக்கில் வரும், எப்போது வாடகைக்கு விட்டீர்கள் என்பதைப் பொறுத்து. இதெல்லாம் போக 1,000 நிற்கிறது என்று கொண்டால் 81,500, 5,200, 1,000 சேர்த்து 87,700. வரம்பை 3,100 தாண்டிவிட்டீர்கள்.

ஆனால் உங்கள் கையில் நல்ல வழி ஒன்று இருக்கிறது. 401(கே)-யிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு டாலரும் வருமானம். என்ஆர்இ டெபாசிட்டின் அசல் வருமானமே இல்லை, அது ஏற்கெனவே உங்கள் பணம். தடையில்லாமல் இங்கே கொண்டுவரலாம். ஆகவே இந்த வருடம் 401(கே)-யில் 6,000 குறைத்து எடுங்கள், வீட்டுச் செலவுக்கு அந்த 6,000-ஐ அசலிலிருந்து அனுப்பிக்கொள்ளுங்கள். வருமானம் 81,700. உங்கள் பங்கு வருடத்துக்கு சுமார் 8,137, அதாவது மாதம் 678 டாலர். டெபாசிட் சிறியதானால் அடுத்த வருட வட்டியும் குறையும்.

52,000-ஐ ஏற்கெனவே எடுத்துவிட்டீர்கள் என்றாலும் கவலைப்பட வேண்டாம். மனைவிக்குச் சம்பளம் இருப்பதால், வேலையிடத்தில் ஓய்வுத் திட்டம் இல்லை என்றால், டிரடிஷனல் ஐஆர்ஏ என்கிற தனிநபர் ஓய்வுச் சேமிப்புக் கணக்கில் 8,600 வரை போட்டு ஏஜிஐ-யைக் குறைக்கலாம். 2026 கணக்குக்கு 2027 ஏப்ரல் 15 வரை போடலாம். வரிக்கணக்கைப் போட்டுப் பார்த்து, தாண்டியது தெரிந்த பிறகும் சரிசெய்ய முடிகிற ஒரு கதவு இது. சில்வருக்கு அடுத்த கீழ்வகையான ப்ரான்ஸ் திட்டம் எடுத்திருந்தால், மருத்துவச் செலவுக்குச் சேமிக்கும் ஹெச்எஸ்ஏ கணக்கும் உண்டு, அதில் போடுவதும் ஏஜிஐ-யைக் குறைக்கும். 2026-லிருந்து அரசின் காப்பீட்டுச் சந்தையில் விற்கும் எல்லா ப்ரான்ஸ் திட்டங்களுக்கும் அது பொருந்தும். இருவருக்கும் சேர்த்து 8,750, ஐம்பத்தைந்தைக் கடந்ததால் ஆளுக்கு இன்னும் 1,000.

குறைப்பது நல்லதுதானே என்று அசலிலேயே முழுக்கக் காலம் தள்ளவும் வேண்டாம். வருமானம் 21,150-க்குக் கீழே போனாலும் மானியம் கிடையாது. பக்கத்து மொன்டானாவில் அப்படிப்பட்டவர்களை மெடிக்கெய்ட் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) தாங்கிக்கொள்ளும், 2016-லிருந்து அங்கே அதை விரிவுபடுத்திவிட்டார்கள். வயோமிங் இன்னும் விரிவுபடுத்தவில்லை. குழந்தைகள் வளர்ந்து போய்விட்ட உங்கள் வயதுத் தம்பதிக்கு அங்கே எந்தப் பக்கமும் கை கிடைக்காது.

மானியத்தை மாதாமாதம் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் விழிப்போடு. முன்பு, வரம்புக்குள் இருந்தபடி கொஞ்சம் அதிகமாக வாங்கியிருந்தால் திருப்பித் தருவதற்கு ஓர் உச்சவரம்பு இருந்தது. 2026 முதல் அது இல்லை, கூடுதலாக வாங்கியது முழுவதையும் வரித்தாக்கலின்போது, மானியக் கணக்குக்கான 8962 படிவத்தில் திருப்பித் தர வேண்டும். நவம்பரில் ஒருமுறை எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். மியூச்சுவல் ஃபண்ட் இருந்தால் அதன் லாபப் பங்கீடு பெரும்பாலும் டிசம்பரில் வந்து விழும். அதற்கென்று இரண்டாயிரம் டாலர் இடைவெளி விட்டுவையுங்கள். இந்த வாரமே ஹெல்த்கேர் டாட் கவ் தளத்தில் உங்கள் விண்ணப்பத்தைத் திறந்து, கோவை வட்டியையும் வாடகையையும் சேர்த்து வருமானத்தைத் திருத்திவிடுங்கள்.