ஓரகத்தி மகனுக்குக் கிடைத்த இடம்

அன்புள்ள அண்ணனுக்கு,

நானும் என் ஓரகத்தியும் ஒரே தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள். இப்போது பீடோரில் பக்கத்துப் பக்கத்து வீடு. ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். தேர்வில் அவள் மகனைவிட என் மகனுக்குத்தான் நல்ல புள்ளி. ஆனால் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேஷன் படிப்பில் இடம் அவள் மகனுக்குக் கிடைத்தது, என் பிள்ளைக்கு இல்லை. சபையில் அவள் சாட்சி சொன்னபோது எல்லாரும் அல்லேலூயா சொன்னார்கள், எனக்கு வாய் வரவில்லை. அன்றைக்கே இன்னொரு சகோதரியிடம் "எல்லாம் சிபாரிசுதான்" என்று சொல்லிவிட்டேன். அது பொய் என்று எனக்கே தெரியும். இந்த மனதோடு திருவிருந்து எடுக்கலாமா? தேவன் என்னை மன்னிப்பாரா?

பெயர் வேண்டாம், பீடோர், மலேசியா

அன்புள்ள தங்கச்சி,

மன்னிப்பார். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது அந்தக் கடைசிக் கேள்விதான் என்று படிக்கும்போதே தெரிந்தது.

வாய் வராமல் போனதையும் சிபாரிசு என்று சொன்னதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். பின்னால் தம்பி ஆபேலைப் பொறாமையில் கொன்ற காயீனிடம் தேவன் பேசியபோது, அந்தத் தம்பி இன்னும் உயிரோடுதான் இருந்தான். "பாவம் வாசற்படியில் படுத்திருக்கும்" என்றார், நீ அதை ஆண்டுகொள்வாய் என்றும் சொன்னார். பெற்ற வயிறு எரியத்தான் செய்யும், அதை வளர்க்காமல் அங்கேயே நிறுத்தியிருக்கலாம், நீங்கள் கதவைத் திறந்துவிட்டீர்கள். சிபாரிசு என்று சொன்னது பாவம். அதற்கு வேறு பேர் வைக்க வேண்டாம்.

மத்தேயு 20ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன திராட்சத்தோட்டக் கூலியாட்கள் கதையை எடுத்துப் படியுங்கள், தோட்டத்தில் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நின்ற குடும்பங்களுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. விடியற்காலையில் வந்து பகல் முழுக்க வெயில் சுமந்தவனுக்கும், சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்து ஒரு மணி நேரம் வேலை பார்த்தவனுக்கும் ஒரே கூலி, ஒரு பணம். எந்தத் தோட்டத்திலும் இதற்குச் சண்டை வந்திருக்கும். முந்தி வந்தவர்களுக்கு முதலில் கொடுத்து அனுப்பியிருந்தால் சத்தமே இருந்திருக்காது, பேசின கூலியை வாங்கிக்கொண்டு சந்தோஷமாய் வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஆனால் எஜமான் பிந்தி வந்தவர்களிலிருந்து தொடங்கச் சொல்கிறார், முந்தினவர்கள் நின்று பார்க்க வேண்டியதாகிறது. அடுத்தவன் கையைப் பார்த்த பிறகுதான் தன் கையில் இருப்பது குறைவாகத் தெரிகிறது. சரி, அவர்கள் முறுமுறுத்தது யார்மேல்? எஜமான்மேல். உங்கள் கோபமும் உண்மையில் ஆண்டவர்மேல்தான் தங்கச்சி, ஓரகத்தி பாவம் நடுவில் மாட்டிக்கொண்டார். அதை ஆண்டவரிடமே அழுது சொல்லுங்கள். ஆசாப் 73ஆம் சங்கீதத்தில் பொறாமை கொண்டேன் என்று வாய்விட்டே சொல்கிறார்.

அந்த முறுமுறுத்தவனை எஜமான் "சிநேகிதனே" என்றுதான் கூப்பிடுகிறார். லூக்கா 15இல், கெட்டுப்போய்த் திரும்பி வந்த தம்பிக்கு வைத்த விருந்துக்கு மூத்த மகன் உள்ளே வரமாட்டேன் என்று நின்றபோது தகப்பன் வெளியே வந்து அவனை வருந்தி அழைக்கிறார். காயீனிடமும் தேவன்தான் முதலில் பேசினார். கிருபை என்றால் ஐந்து மணிக்கு வந்தவனுக்கு மட்டும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம், முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பவனைத் தேடியும் அது வெளியே வருகிறது, இப்போது உங்களைத் தேடி வந்திருக்கிறது.

உங்கள் மகன் விஷயத்தை தேவ சித்தம் என்று மூடிவைக்க மாட்டேன். மேல்முறையீடு செய்யுங்கள். ஆறாம் படிவத்தில் சேர்ந்து எஸ்.டி.பி.எம். எழுதியும் அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்குப் போகலாம்.

திருவிருந்து எடுங்கள், ஆனால் அதற்கு முன்னால் அந்தச் சகோதரியை நேரில் போய்ப் பாருங்கள். "அன்றைக்கு நான் சொன்னது பொய், வயிற்றெரிச்சலில் சொல்லிவிட்டேன்" என்று சொன்னால் போதும், அவர் வேறு யாரிடமாவது சொல்லியிருந்தால் அங்கேயும் திருத்தச் சொல்லுங்கள். பேச்சு ஓரகத்தி காதுக்குப் போயிருந்தால் அவரிடமும் மன்னிப்புக் கேளுங்கள். போகவில்லையென்றால் உங்கள் மனசு எரிந்த கதையை அவர் தலையில் இறக்க வேண்டாம், அவர் மகன் கிளம்பும்போது பெட்டி கட்ட ஒரு கை கொடுங்கள், ஜெபத்தில் அவன் பேரையும் சொல்லுங்கள். முதல் சில நாள் மனசு ஒத்துழைக்காது. பரவாயில்லை, பேரைச் சொல்லுங்கள்.