ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினால் புரதம் தவறாக மடியுமா என்பதை, புரத வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு மென்பொருள் சொல்லுமா?

சொல்லாது. மாறாத சீக்வென்ஸையும் (அமினோ அமில வரிசை) மாறிய சீக்வென்ஸையும் தனித்தனியாக ஓட்டி, வரும் இரண்டு வடிவங்களையும் ஒன்றின்மேல் ஒன்று பொருத்தி, "விலகல் அரை ஆங்ஸ்ட்ரம்கூட இல்லை, ஆகவே பாதிப்பில்லை" என்று எழுதப்போகிறீர்கள் என்றால் தயவுசெய்து அங்கேயே நிறுத்துங்கள். எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் என்று எண்ணிக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

ஆல்ஃபாஃபோல்டு 2 உங்கள் சீக்வென்ஸை மட்டும் பார்ப்பதில்லை. பல உயிரினங்களில் உள்ள அதன் உறவுக்காரப் புரதங்களை வரிசைப்படுத்தி, எந்தெந்த இடங்கள் சேர்ந்தே மாறியிருக்கின்றன என்பதை வைத்து வடிவத்தைக் கணிக்கிறது. ஆயிரக்கணக்கான வரிசைகளுக்கு நடுவே உங்களுடைய ஒரு எழுத்து மாறினால் விடை அசைவதில்லை. அது தருவதும் சரியாக மடிந்து முடிந்த நிலைதான். அந்த நிலை எவ்வளவு உறுதியானது, எவ்வளவு வேகமாகக் குலையும் என்பது வேறு கேள்வி. ஒற்றை மாற்றங்களின் விளைவைக் கணிக்க இது சரிபார்க்கப்படவில்லை என்று உருவாக்கியவர்களே தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். 2024 வேதியியல் நோபல் பெற்ற வேலையை நான் மட்டம் தட்டுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அது பதில் சொன்ன கேள்வி வேறு, உங்கள் கேள்வி வேறு.

டிரான்ஸ்தைரெட்டினை எடுத்துக்கொள்வோம். ரத்தத்தில் தைராக்சினைச் சுமக்கும் புரதம். 127 அமினோ அமிலங்கள் கொண்ட நான்கு சங்கிலிகள் சேர்ந்த டெட்ராமர். 30ஆம் இடத்து வேலின் மெத்தியோனினாக மாறினால், புரதம் நரம்புகளில் அமிலாய்டு நார்களாக (தவறாக மடிந்த புரதங்கள் ஒட்டி உருவாகும் நார்கள்) படிகிறது. 1952இல் போர்ச்சுகலில் முதலில் விவரிக்கப்பட்ட நோய் இது. மாறிய புரதத்தின் படிக வடிவம் சாதாரணப் புரதத்தினுடையதைப் போலவே இருக்கிறது. ஆராய்ச்சிக்கூடத்தில் எக்ஸ்-கதிரில் எடுத்த வடிவத்திலேயே வித்தியாசம் தெரியாதபோது, கணினிப் படத்தில் தேடி என்ன கிடைக்கும்? குறை நடப்பது வேறிடத்தில். டெட்ராமர் பிரிய வேண்டும், பிரிந்த மோனோமர் (தனிச் சங்கிலி) பாதி அவிழ வேண்டும், அவிழ்ந்தவை ஒன்றோடொன்று ஒட்ட வேண்டும். இந்த மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

முதலில் இட எண். யூனிப்ராட் புரதத் தரவுத்தளத்தில் வரும் சீக்வென்ஸ் 147 நீளம்; முதல் 20 சிக்னல் பெப்டைடு, அதாவது புரதம் வெளியேற உதவிவிட்டு வெட்டப்படும் துண்டு. அதனால் பழைய கட்டுரைகளின் வேலின்-30 இன்றைய மரபணு அறிக்கைகளில் வேலின்-50. இதைக் கவனிக்காமல் தவறான இடத்தை மாற்றிவிட்டு மாதக்கணக்கில் கணக்குப் போடுவது சாதாரணமாக நடக்கிறது. சிக்னல் பெப்டைடை வெட்டிவிட்டு, 30ஆம் இடத்தில் வேலின் நிற்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

அடுத்து வடிவம். ஆல்ஃபாஃபோல்டு தரவுத்தளத்தில் இருப்பது தனிச் சங்கிலி. அதை வைத்துக் கணக்கிட்டால் டெட்ராமர் பிரியும் முதல் படியையே தவறவிடுவீர்கள். இந்தப் புரதத்துக்கு நல்ல படிக வடிவங்கள் ஏராளம் என்பதால் அவற்றையே எடுங்கள். ஆனால் பெரும்பாலான கோப்புகளில் இரண்டு சங்கிலிகள்தான் இருக்கும். மற்ற இரண்டும் படிகச் சமச்சீரால் வருபவை. 'பயாலஜிக்கல் அசெம்பிளி' கோப்பை இறக்குங்கள். அதில் சங்கிலிப் பெயர்கள் இருமுறை வந்தால் நான்கு தனிப் பெயர்களாக மாற்றுங்கள், இல்லையென்றால் அடுத்த மென்பொருள் குழம்பும். படிக வடிவம் இல்லாத புரதம் என்றால் ஆல்ஃபாஃபோல்டை இணையத்தில் ஓட்ட உதவும் கொலாப்ஃபோல்டில் சீக்வென்ஸை முக்காற்புள்ளி (:) இட்டு நான்கு முறை ஒட்டலாம். கணிப்போடு வரும் நம்பக மதிப்பு (100க்கு) 70க்குக் கீழே உள்ள பகுதியில் மாற்றம் விழுந்தால் மேற்கொண்டு கணக்கிடாதீர்கள். அந்த மதிப்பு கோப்பின் பி-ஃபேக்டர் நெடுவரிசையில் எழுதப்பட்டிருக்கும். படிகக் கோப்பில் அங்கே பெரிய எண் இருந்தால் ஆட்டம் அதிகம் என்று பொருள். கணித்த கோப்பில் நம்பகம் அதிகம் என்று பொருள். படத்துக்கு நிறம் கொடுக்கும்போது இதுதான் தலைகீழாகிறது.

இனி உறுதி. மாற்றத்தால் புரதத்தின் உறுதி எவ்வளவு மாறும் என்று கணக்கிடும் ஃபோல்டெக்ஸ் மென்பொருளில் முதலில் 'ரிப்பேர்', பிறகு 'பில்டு மாடல்', ஐந்து ஓட்டங்கள், சராசரி. நான்கு சங்கிலியிலும் மாற்றியிருந்தால் வருவது மொத்த டெட்ராமரின் ஆற்றல் வேறுபாடு. சங்கிலிக்கு எவ்வளவு என்று அறிய நான்கால் வகுக்க வேண்டும். வகுக்காமலே "மிகவும் நிலைகுலைக்கிறது" என்று எழுதுபவர்கள் உண்டு. சங்கிலிக்கு 1 கிலோகலோரி/மோலுக்குக் கீழே வந்தால் எதுவும் சொல்லாதீர்கள், கணிப்பின் பிழையே அந்த அளவுக்கு வரும். ஃபோல்டெக்ஸ் முதுகெலும்புச் சங்கிலியை அசைப்பதில்லை. ஆகவே 55ஆம் இடத்து லியூசின் புரோலினாவது போன்ற மாற்றத்தில் எண்ணை நம்ப முடியாது. அங்கே புரோலின் பீட்டா இழையையே (நீண்டு கிடக்கும் சங்கிலித் துண்டு) முறிக்கிறது.

பிறகுதான் ஒட்டும் தன்மை. இதைக் கணிக்கும் டாங்கோ, அக்ரெஸ்கான், வால்ட்ஸ் ஆகிய மூன்று மென்பொருள்களில் இரண்டையாவது ஓட்டுங்கள். டாங்கோவில் பி.எச்., வெப்பநிலை, உப்புச் செறிவு மூன்றையும் நீங்களே கொடுங்கள். தொடர்ந்து ஐந்து இடங்களில் ஒட்டும் மதிப்பு 5 சதவீதத்துக்கு மேல் வந்தால் பொருட்படுத்தலாம். இந்தக் கருவிகள் சங்கிலி அவிழ்ந்து கிடப்பதாகவே எடுத்துக்கொள்கின்றன. டிரான்ஸ்தைரெட்டினில் 105 முதல் 115 வரையுள்ள துண்டு தனியாகவே நாராகும், அதுவோ சாதாரணப் புரதத்திலும் அப்படியே இருக்கிறது. 30ஆம் இடம் மாறியதால் அந்தத் துண்டு மாறவில்லை, அது வெளிப்படும் வாய்ப்புத்தான் கூடியது. ஒட்டும் மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பவருக்கு இந்த நோய் கண்ணில் படாது.

இவ்வளவு செய்தும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 18ஆம் இடத்து அஸ்பார்டேட் கிளைசீனானால் புரதம் மிக மோசமாக நிலைகுலைகிறது. அப்படியானால் நோய் மிகக் கடுமையாக உடலெங்கும் பரவ வேண்டுமே? பரவுவதில்லை. அவ்வளவு கெட்ட புரதத்தை கல்லீரல் செல்லின் தரக்கட்டுப்பாடே அழித்துவிடுவதால் ரத்தத்துக்கு வருவது மிகக் குறைவு. படிவு முக்கியமாக மூளை உறைகளில். சீக்வென்ஸில் இது எழுதப்பட்டிருக்கவில்லை. ஒற்றை மாற்றம் நோய் தருமா என்று கணிக்கும் ஆல்ஃபாமிஸ்சென்ஸ் 0.564க்கு மேல் மதிப்பெண் கொடுத்து "நோய் தரக்கூடியது" என்றாலும், தவறாக மடிந்ததாலா, செயலிழந்ததாலா என்று அது சொல்லாது.

கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) வண்ணப் படத்துக்கு மதிப்பெண் கிடைக்கிறது, "கண்ட்ரோல் (ஒப்பிட்டுப் பார்க்க) என்ன வைத்தாய்?" என்று யாரும் கேட்பதில்லை. புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் வளைய முடியும் என்று காட்டும் ராமச்சந்திரன் வரைபடத்தைச் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து 1963இல் உலகுக்குக் கொடுத்தவர்கள் நாம். அதே ஊரில் மாணவர்களை மென்பொருளில் படம் எடுக்க மட்டும் பழக்குவது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

கண்ட்ரோலாக 119ஆம் இடத்துத் திரியோனின் மெத்தியோனினாகும் மாற்றத்தையும் ஓட்டுங்கள். அது டெட்ராமர் பிரிவதை மெதுவாக்கி, 30ஆம் இட மாற்றம் உள்ளவர்களையே காக்கிறது. உங்கள் முறை இரண்டையும் பிரித்துக் காட்டாவிட்டால் ஆய்வேட்டில் அதை அப்படியே எழுதுங்கள். வெட் லேப் (உண்மையான புரதத்தை வைத்துச் சோதிக்கும் ஆய்வகம்) வசதி இருந்தால் 0.2 மி.கி./மி.லி. புரதம், பி.எச். 4.4, 37 டிகிரி, 72 மணி நேரம் அசைக்காமல் வைத்து, கடைசியில் நன்றாகக் கலக்கி 400 நானோமீட்டரில் கலங்கலை அளந்து பாருங்கள்.