கிளாசிக் 350-க்குத் துணையாக எந்த வண்டி வாங்கலாம்?

கேள்வி: கோவை வடவள்ளியில் வசிக்கிறேன். மூன்று ஆண்டுகளாக ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 வைத்திருக்கிறேன். அதை விற்கும் எண்ணம் இல்லை. தினமும் பீளமேட்டிலுள்ள அலுவலகத்துக்கும், மாதம் ஓரிரு முறை வால்பாறை, கோத்தகிரி பக்கமும் அதில்தான் போய் வருகிறேன். இரண்டாவதாக ஒரு வண்டி வாங்க வேண்டும். அதே நிறுவனத்தின் ஹிமாலயன் 450 மீது ஆசை. நண்பர்கள் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 அல்லது ஒரு 125 சிசி வண்டி போதும் என்கிறார்கள். எதை வாங்கலாம்?

பதில்: கடைக்குப் போய்ப் புதிய வண்டிகளைப் பார்ப்பதற்கு முன்னால், கையிலிருக்கும் வண்டி எந்த வேலையைத் திணறிக்கொண்டு செய்கிறது என்று பாருங்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், கிளாசிக்குக்கு மலைப்பயணம் ஒரு சுமையே இல்லை. ஆழியாறிலிருந்து வால்பாறை வரையிலான 40 கொண்டை ஊசி வளைவுகளும் தார்ச்சாலையில்தான் இருக்கின்றன. அந்த ஏற்றத்தில் நிமிடத்துக்கு 4,000 சுழற்சியிலேயே 27 நியூட்டன் மீட்டர் இழுவிசை தரும் 349 சிசி எஞ்சின், அடிக்கடி கியரை மாற்றச் சொல்லாமல் நிதானமாக ஏறிவிடும். அந்த வண்டி திணறுவது லாலி ரோடு சிக்னலிலும் காந்திபுரத்து நெரிசலிலும்தான். 195 கிலோ எடையை முதல் கியரில் ஊர்ந்து நகர்த்துவதும், ஒவ்வொரு நிறுத்தத்திலும் கிளட்சைப் பிடித்து விடுவதும், அலுவலக நிறுத்துமிடத்தில் பின்னோக்கித் தள்ளி எடுப்பதும் உங்கள் மணிக்கட்டையும் இடுப்பையும் எஞ்சினையும் ஒன்றாகக் களைப்படையச் செய்கின்றன.

இந்தக் கண்ணோட்டத்தில் ஹிமாலயன் 450-ஐ எடைபோடுங்கள். 452 சிசி, 40 குதிரைத்திறன், 200 மில்லிமீட்டர் சஸ்பென்ஷன் அசைவு, 21 அங்குல முன்சக்கரம் என்று அது மிகச் சிறந்த பயண வண்டி என்பதில் எனக்குச் சற்றும் ஐயமில்லை. ஆனால் அதன் எடை 196 கிலோ, வழக்கமான இருக்கையின் உயரம் 825 மில்லிமீட்டர். ஆகவே நகர நெரிசலில் கிளாசிக் தரும் அதே சிரமத்தை இன்னும் சற்று உயரத்திலிருந்து அனுபவிப்பீர்கள். மலைக்குப் போகும் நாள்களிலோ வேகமும் சொகுசும் கூடுதலாக இருப்பதால் கை தானாகவே ஹிமாலயன் சாவியைத்தான் எடுக்கும். முதல் வண்டி செய்வதையெல்லாம் அதைவிட நன்றாகச் செய்யும் வண்டி அதற்குத் துணையாக இராது. அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். விற்க மனமில்லாத கிளாசிக், உறைக்குள் நின்று பேட்டரி இறங்கிப் போவதைப் பார்க்க நீங்கள் விரும்பமாட்டீர்கள் என்று நம்புகிறேன். விலையிலும் ஒரு கோடு இருக்கிறது: 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 18 விழுக்காடு, அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 விழுக்காடு.

எக்ஸ்பல்ஸ் 200 நல்ல இடைவழி. ஏறத்தாழ 160 கிலோதான். 220 மில்லிமீட்டர் தரை இடைவெளி இருப்பதால் கல்லும் குழியும் நிறைந்த பாதையில் அச்சமின்றிப் போகலாம். ஆனைகட்டி பக்கம் தோட்டமோ, அடிக்கடி போக வேண்டிய மண்பாதையோ உங்களுக்கு இருந்தால் தயங்காமல் இதையே சொல்வேன். அப்படி எதையும் நீங்கள் குறிப்பிடவில்லை. தார்ச்சாலையில் மட்டும் ஓட்டினால் அதன் திறமையில் பாதி வீணாகும்.

ஆகவே என் பரிந்துரை, 125 முதல் 160 சிசி வரையிலான இலகுவான வண்டி. உதாரணமாக டிவிஎஸ் ரைடர் 125-இன் எடை 123 கிலோ. கிளாசிக்கைவிட 72 கிலோ குறைவு. நெரிசலில் இந்த வேறுபாட்டை முதல் நாளே உணர்வீர்கள், பெட்ரோல் செலவில் மாதக் கடைசியில் உணர்வீர்கள். ஆனால் 125 சிசி வண்டிகள் பலவற்றில் இரு பிரேக்குகளையும் சேர்த்து இயக்கும் சிபிஎஸ் மட்டுமே இருக்கிறது. கிளாசிக்கில், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸுக்குப் பழகிய கை, மழை ஈரத்தில் அதே துணிவோடு முன்பிரேக்கைப் பிடித்தால் சக்கரம் வழுக்கும். ஏபிஎஸ் உள்ள வகை கிடைத்தால் அதையே எடுங்கள்; கிடைக்காவிட்டால் அப்பாச்சி ஆர்டிஆர் 160 போன்ற ஒன்றுக்குச் சற்றுக் கூடுதலாகச் செலவழிப்பது நியாயமே.

கியர் போடும் முறையையும் கட்டாயம் கவனியுங்கள், ஏனெனில் இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கிளாசிக்கில் முதல் கியர் கீழே, மற்றவை மேலே. ஸ்ப்ளெண்டர் போன்ற சில 100 சிசி வண்டிகளிலோ எல்லாக் கியர்களையும் முன்பக்கம் மிதித்தே போட வேண்டும். இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டுகிறவருக்கு, குறுக்கே யாராவது வந்துவிட்ட பதற்றத்தில் கால் தவறிப்போவது இயல்பு. இரு வண்டிகளிலும் ஒரே முறை இருப்பது பாதுகாப்பு.

காப்பீட்டில் இரண்டு செய்திகள். 15 லட்சம் ரூபாய்க்கான உரிமையாளர் விபத்துக் காப்பீடு உங்களிடம் ஏற்கெனவே நடப்பில் இருந்தால், புதிய வண்டிக்கு மறுபடி வாங்க வேண்டியதில்லை; விற்பனையாளர் தானாகச் சேர்த்திருந்தால், உங்களிடம் இருப்பதைக் காட்டி அதை நீக்கச் சொல்லுங்கள். இழப்பீடு கோராத ஆண்டுகளுக்காகக் கிளாசிக்கில் சேர்ந்துள்ள பிரீமியத் தள்ளுபடியான நோ கிளைம் போனஸோ, அந்த வண்டியை விற்றால்தான் வேறொன்றுக்கு மாறும்; கூடுதலாக வாங்கும் வண்டிக்குக் கிடைக்காது.

இனி வார நாள்களில் கிளாசிக் ஓய்வெடுக்கும். நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைத்தால் பேட்டரி நிறையாது, சைலன்சருக்குள் ஈரம்தான் தங்கும். வாரம் ஒருமுறையாவது எஞ்சின் நன்கு சூடேறும்வரை, அரை மணி நேரம் சாலையில் ஓட்டுங்கள். கிலோமீட்டர் குறைவாக ஓடியிருந்தாலும் எஞ்சின் ஆயிலை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.