போர்டு போச்சு, டிஸ்க் இருக்கு: செங்கோட்டைக் கடைக்கு வந்த கேள்விகளும் பதில்களும்

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் மத்தியானத்துக்கு மேல் மலை கறுத்துவிடும். மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், இதைத் துலாவர்ஷம் என்பார்கள். சாயங்காலம் இடி விழும், மறுநாள் காலையில் செங்கோட்டையில் என் கடை வாசலில் இரண்டு மூன்று சிபியூ வந்து நிற்கும். போர்டு (மதர்போர்டு) கருகியிருக்கும், கரண்ட் சப்ளை கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் போயிருக்கும், ஹார்ட் டிஸ்க் மட்டும் பெரும்பாலும் பிழைத்திருக்கும். அதைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் அப்படியே ஓடுமா என்பதுதான் எல்லோருக்கும் கேள்வி. இந்த சீசனில் வந்த கேள்விகளை இங்கே சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி (புனலூர், ரப்பர் ஷீட் வாங்கும் கடை): அண்ணாச்சி, போன வாரம் இடியில் போர்டு போய்விட்டது. டிஸ்க்கில் இருப்பது விண்டோஸ் 10. மகளுடைய பழைய கம்ப்யூட்டர் வீட்டில் சும்மா கிடக்கிறது. அதில் மாட்டினால் கணக்கு எல்லாம் வருமா, இல்லை அழிந்துவிடுமா?

பதில்: மாட்டியதால் எதுவும் அழியாது, அந்தப் பயத்தை விடுங்கள். ஓடுமா என்றால், விண்டோஸ் 10 பெரும்பாலும் ஓடிவிடும். ஆனால் தயவுசெய்து முதல் வேலையாக அதை பூட் செய்து, அதாவது அதிலிருந்தே கம்ப்யூட்டரைக் கிளப்பி, பார்க்காதீர்கள். முதலில் மகளின் கம்ப்யூட்டரை அதனுடைய சொந்த விண்டோஸில் ஏற்றிக்கொண்டு, உங்கள் டிஸ்க்கை இரண்டாவது டிஸ்க்காக மாட்டி, கணக்கு ஃபோல்டரை வேறொரு இடத்துக்கு காப்பி எடுங்கள். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், புது போர்டில் முதல் தடவை ஏறும்போது விண்டோஸ் டிஸ்க்கில் நிறைய எழுதும், திடீரென்று அணைந்த டிஸ்க் என்பதால் டிஸ்க்கில் பிழை தேடித் திருத்தும் செக் டிஸ்க் வேறு தானாகக் கிளம்பலாம். இடி வாங்கிய டிஸ்க்குக்கு அது எத்தனையாவது மூச்சு என்று நமக்குத் தெரியாது. ஓடும்போது அதன் மேல் விரல் வைத்துப் பாருங்கள், லேசான ஒரே சீரான அதிர்வு இருந்தால் நல்லது. டிக், டிக் என்று தலை போய் முட்டும் சத்தம் கேட்டால் உடனே கரண்டை எடுத்துவிட்டு எனக்கு போன் போடுங்கள், இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போம் என்று நினைக்கவே வேண்டாம்.

காப்பி எடுத்தாச்சா, சரி, இப்போது பூட் செய்யுங்கள். சாதனங்களைத் தயார் செய்கிறேன் என்று ஒரு சதவீதக் கணக்கு ஓடும், ஒன்றிரண்டு தடவை தானாக ரீஸ்டார்ட் ஆகும். பழைய சுற்றும் டிஸ்க் என்றால் கால் மணி நேரம்கூட ஆகும், பொறுமை இழந்து பவர் பட்டனை அமுக்கிவிடாதீர்கள். டெஸ்க்டாப் வந்ததும் நெட் கனெக்‌ஷன் கொடுத்தால் மிச்ச டிரைவர்களை (பாகங்களை இயக்கும் மென்பொருளை) அதுவே இறக்கிக்கொள்ளும்.

அவரே மறுபடியும்: ஓடிவிட்டது! ஆனால் ஆக்டிவேட் செய்யச் சொல்லி ஓரத்தில் எழுத்து வருகிறது.

பதில்: சந்தோஷம். விண்டோஸ் லைசென்ஸ் போர்டைப் பார்த்து அடையாளம் வைத்துக்கொள்ளும், போர்டு மாறியதால் கேட்கிறது. கம்ப்யூட்டரோடு சேர்ந்து வந்த ஓஇஎம் லைசென்ஸ் என்றால் அது அந்தப் பழைய போர்டோடு போயிற்று. தனியாகக் காசு கொடுத்து வாங்கிய ரீட்டெயில் லைசென்ஸ் என்றால் மாற்றிக்கொள்ளலாம், உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு முன்பே இணைத்திருந்தால் இன்னும் சுலபம். மகளின் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே அதே ஹோம் பதிப்போ புரோ பதிப்போ ஆக்டிவேட் ஆகியிருந்தால், நெட்டில் இணைந்ததும் தானாகவே சரியாகிவிடுவதும் உண்டு. அப்புறம் ஒன்று, விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றே முடிந்துவிட்டது. பணம் புழங்கும் கணக்கை அதிலேயே ரொம்ப நாள் வைத்திருக்காதீர்கள்.

கேள்வி (தென்காசி, போட்டோ ஸ்டூடியோ): பழைய டெஸ்க்டாப்பிலிருந்து எஸ்எஸ்டியை (சுற்றாத சில்லு டிஸ்க்கை) மட்டும் கழற்றிப் புது மெஷினில் மாட்டினேன். பூட் டிவைஸ் இல்லை என்கிறது. திரும்பப் பழையதிலேயே மாட்டினால் கல்லு மாதிரி ஓடுகிறது. எஸ்எஸ்டியில் கோளாறா?

பதில்: எஸ்எஸ்டியில் ஒன்றும் இல்லை தம்பி. பழைய டெஸ்க்டாப்பில் போட்டோ சேமிக்க ஒரு பெரிய ஹார்ட் டிஸ்க்கும் இருக்கிறதல்லவா? அநேகமாக முதலில் அதில்தான் விண்டோஸ் இருந்திருக்கும், எஸ்எஸ்டியைப் பிறகு போட்டு அதில் விண்டோஸ் ஏற்றும்போது பெரிய டிஸ்க்கைக் கழற்றாமல் விட்டிருப்பார்கள். அப்படிச் செய்தால் விண்டோஸ் எஸ்எஸ்டியில் உட்கார்ந்துகொள்ளும், அதைக் கிளப்பிவிடும் பூட் ஃபைல் பெரிய டிஸ்க்கிலேயே தங்கிவிடும். டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்து சிஸ்டம் ரிசர்வ்டு என்ற சின்னத் துண்டு (பார்ட்டிஷன்) எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்று பாருங்கள், தெரிந்துவிடும். ஸ்டூடியோக்காரர்களிடம் இந்தக் கேஸை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

சரிசெய்ய, பழைய மெஷினில் பெரிய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டு, விண்டோஸ் பென்டிரைவில் பூட் செய்து, கமாண்ட் விண்டோவில் பிசிடிபூட் கட்டளையால் பூட் ஃபைலை எஸ்எஸ்டியிலேயே எழுதவேண்டும். பூட் ஃபைல் எழுதிய பார்ட்டிஷன் ஆக்டிவ் (இதிலிருந்து ஏறு) என்று குறிக்கப்பட்டிருக்கவும் வேண்டும். எஸ்எஸ்டி தனியாக நின்று ஓடுகிறதா என்று அங்கேயே பாருங்கள்.

வேலை இத்துடன் முடியவில்லை. உங்கள் பழைய மெஷின் அநேகமாக பழைய பயாஸ் முறையில் ஏறுகிறது (பயாஸ் என்பது போர்டில் இருந்து கம்ப்யூட்டரைக் கிளப்பும் மென்பொருள்), டிஸ்க்கைத் துண்டு பிரித்த முறை எம்பிஆர். புது மெஷின்கள் பலவற்றில் பயாஸின் புது வடிவமான யூஇஎஃப்ஐ மட்டும்தான், அதற்கு டிஸ்க் ஜிபிடி என்ற புது முறையில் இருக்கவேண்டும். விண்டோஸ் 10இல் 2017இல் வந்த 1703 பதிப்பிலிருந்து எம்பிஆர்2ஜிபிடி என்று ஒரு கருவி கூடவே வருகிறது, டேட்டாவை அழிக்காமல் மாற்றிக்கொடுக்கும். முதலில் வேலிடேட் (மாற்ற முடியுமா என்று பார்ப்பது) மட்டும் ஓட்டிப் பாருங்கள். பிரைமரி பார்ட்டிஷன் மூன்றுக்கு மேல் இருந்தாலோ எக்ஸ்டெண்டெட் பார்ட்டிஷன் இருந்தாலோ முடியாது என்று சொல்லிவிடும். வரிசை முக்கியம்: பூட் ஃபைல் எஸ்எஸ்டிக்கு வந்த பிறகுதான் இந்த மாற்றம், இல்லாவிட்டால் அந்தக் கருவி தேடுவது அதற்குக் கிடைக்காது. கல்யாண ஆல்பம் எல்லாம் அந்தப் பெரிய டிஸ்க்கில் இருக்கும், அதற்கும் காப்பி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

கேள்வி (ஆரியங்காவு, கல்லூரி மாணவி): அண்ணா, லேப்டாப்பில் தண்ணீர் கொட்டி போர்டு போய்விட்டது. எஸ்எஸ்டியை தோழியின் லேப்டாப்பில் மாட்டினால் நீலத் திரையில் பிட்லாக்கர் ரெக்கவரி கீ, 48 இலக்கம் கேட்கிறது. நான் பிட்லாக்கர் எதுவும் போடவே இல்லையே?

பதில்: நீ போடவில்லைம்மா, அது தானாகப் போட்டுக்கொண்டது. புது லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்ளே போனதும் டிஸ்க் பூட்டிக்கொள்ளும், அந்தப் பூட்டுதான் பிட்லாக்கர். சாவி போர்டில் இருக்கும் டிபிஎம் சில்லில் இருக்கிறது. அந்தப் போர்டு போனதால் டிஸ்க் உன்னை அடையாளம் தெரியாமல் நிற்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கின் பக்கத்தில் போய், உன் டிவைஸ் பட்டியலில் பிட்லாக்கர் கீ என்று பார். திரையில் கீ ஐடி என்று ஒன்று காட்டுகிறதே, அதன் முதல் எட்டு எழுத்து ஒத்துப்போகிற கீயை எடுத்து அடி.

கணக்கில் கீ இல்லை என்றால் மனம் தளராதே. லேப்டாப் வாங்கிய அன்றைக்கு யாருடைய மெயிலில் செட் செய்தார்கள் என்று யோசி. அப்பாவின் மெயிலா, அண்ணனின் மெயிலா, கடைக்காரப் பையன் அவனுடைய மெயிலையே போட்டுக் கொடுத்துவிட்டானா? கல்லூரி மெயில் என்றால் கல்லூரியின் ஐடி பிரிவில் கேட்கலாம். இப்படித் தேடிக் கிடைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இரண்டாவது வழி, செத்த போர்டையே சில்லுத் தரத்தில் சரிசெய்யத் தெரிந்தவரிடம் கொடுத்து உயிர் கொடுப்பது. பத்து நிமிஷம் ஓடினாலும் போதும், கீயை எடுத்துவிடலாம். அதனால் அந்த போர்டைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதே. இரண்டும் இல்லை என்றால் அந்த டேட்டாவை யாராலும் எடுக்க முடியாது, எடுத்துத் தருகிறேன் என்று பணம் கேட்பவரை நம்பாதே.

கேள்வி (செங்கோட்டை, பத்திரம் எழுதுபவர்): அண்ணாச்சி, என்னுடையது பழைய விண்டோஸ் எக்ஸ்பி. பட்டை கேபிள் போட்ட பழைய டிஸ்க். புது கம்ப்யூட்டருக்கு மாற்ற முடியுமா? பத்திர நகல் எல்லாம் பழைய தமிழ் ஃபான்டில் அடித்தது.

பதில்: அந்தப் பட்டை கேபிள் ஐடிஇ, அதை மாட்டும் இடமே புது போர்டில் கிடையாது. கன்வெர்ட்டர் போட்டு மாட்டினாலும் எக்ஸ்பி ஏறாது, 7பி என்று முடியும் நீலத் திரை வந்து நிற்கும். பழைய போர்டின் டிஸ்க் கன்ட்ரோலருக்கு (டிஸ்க்கோடு பேசும் சில்லுக்கு) உள்ள டிரைவரை மட்டும்தான் எக்ஸ்பி ஏறும்போது எடுத்துக்கொள்ளும். புது கன்ட்ரோலரைப் பார்த்ததும், தான் எந்த டிஸ்க்கிலிருந்து ஏறிக்கொண்டிருக்கிறதோ அந்த டிஸ்க்கையே அதற்குக் காண முடியாமல் போய்விடும்.

உங்களுக்கு வேண்டியது எக்ஸ்பியா, பத்திரங்களா? பத்திரங்கள்தானே. லினக்ஸ் லைவ் பென்டிரைவில் (டிஸ்க்கில் நிறுவாமலே ஓடும் லினக்ஸ்) பழைய கம்ப்யூட்டரையே கிளப்பி, டாக்குமென்ட் ஃபோல்டர்களையும் விண்டோஸுக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் காப்பி எடுத்துத் தருகிறேன். ஃபான்டைப் புதியதில் நிறுவினால் எழுத்து பூச்சி பூச்சியாக இல்லாமல் சரியாகத் தெரியும். ஃபான்டை மறந்துவிட்டு ஃபைலை மட்டும் கொண்டுபோனவர்கள் தலையில் கை வைத்துக்கொண்டு திரும்பி வந்திருக்கிறார்கள். பழைய மென்பொருள்தான் வேண்டும் என்றால் முழு டிஸ்க்கையும் இமேஜாக (ஒரே ஃபைலாக நகல்) எடுத்து, புது கம்ப்யூட்டருக்குள் விர்ச்சுவல் மெஷினாக, அதாவது கம்ப்யூட்டருக்குள் ஒரு போலிக் கம்ப்யூட்டராக, ஓட்டப் பார்க்கலாம், அங்கே பழைய ஐடிஇ கன்ட்ரோலரையே போலியாகக் காட்டலாம். நெட் மட்டும் கொடுக்கக்கூடாது. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த ஊர் நம்முடையது, ஒரு சொத்தின் பழைய விவரத்துக்கு இரண்டு மாநிலம் அலைகிற ஜனங்கள் இங்கே உண்டு. உங்கள் டிஸ்க்கில் இருப்பதை ஒரு காப்பியோடு விடாதீர்கள், இரண்டு எடுங்கள்.

கேள்வி (கடையநல்லூர், ஆடிட்டர் ஆபீஸ்): எங்கள் கம்ப்யூட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. புதிது வாங்கி டிஸ்க்கை மட்டும் மாற்றப்போகிறோம். முன்கூட்டியே என்ன செய்யவேண்டும்?

பதில்: இப்படி முன்னாடியே கேட்பவர்களைக் கண்டால் எனக்கு மனம் குளிர்ந்துபோகும். கணக்கு மென்பொருளான டேலியின் லைசென்ஸை பழைய மெஷினிலேயே சரண்டர் கொடுத்துவிடுங்கள், புதியதில் மறுபடி ஆக்டிவேட் செய்துகொள்ளலாம். பிட்லாக்கர் இருந்தால் சஸ்பெண்ட் (தற்காலிகமாக நிறுத்தம்) செய்து, கீயை ஒரு தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் ஷட்டவுன் என்று நாம் நினைப்பது பாதித் தூக்கம்தான், பழைய போர்டின் நினைவோடு புது போர்டில் எழுந்து தடுமாறும். பயாஸில் டிஸ்க் முறை (போர்டு டிஸ்க்கோடு பேசும் விதம்) ரெய்டு என்று இருக்கிறதா, ஏஹெச்சிஐ என்று இருக்கிறதா என்று இரண்டு மெஷினிலும் பாருங்கள். வேறு வேறாக இருந்தால், கழற்றும் முன்பே விண்டோஸை அடுத்த தடவை சேஃப் மோடில் (அத்தியாவசிய டிரைவர்களோடு மட்டும்) ஏறும்படி குறித்துவிட்டு மாற்றுங்கள், புதியதில் சேஃப் மோடில் ஒருமுறை ஏறிவிட்டால் சரியான டிரைவரைப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் அந்தக் குறியை எடுத்துவிடலாம்.

கேள்வி (குளத்தூப்புழை, பள்ளி ஆசிரியர்): இங்கே கேரளப் பள்ளிகளில் லினக்ஸ்தான். பழகிப்போய் வீட்டிலும் லினக்ஸ் வகையான உபுண்டு. அதை மாற்றினால்?

பதில்: சார், உங்கள் வேலை எல்லோரையும்விட சுலபம். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் டிரைவர்களைத் தன்னோடு சுமந்துகொண்டே போகும், ஒவ்வொரு தடவை ஏறும்போதும் என்ன வன்பொருள் என்று புதிதாகப் பார்க்கும். டிஸ்க்கை யூயூஐடி என்ற தனி அடையாள எண்ணை வைத்துக் காண்பதால் எந்த கேபிள் சாக்கெட்டில் மாட்டினாலும் கவலையில்லை. இரண்டு இடத்தில் மட்டும் தடுக்கும். என்விடியா கிராஃபிக்ஸ் கார்டின் டிரைவர் தனியாகப் போட்டிருந்து புதியதில் வேறு கார்டு இருந்தால் திரை கறுப்பாக நிற்கலாம், மாற்றும் முன் அதை நீக்கிவிடுங்கள். யூஇஎஃப்ஐயில் பூட் பட்டியல் டிஸ்க்கில் இல்லை, போர்டின் நினைவில் இருக்கிறது, ஆகவே புது போர்டு உபுண்டு என்ற பெயரைக் காட்டாமல் போகலாம். பயாஸில் டிஸ்க்கின் பெயரையே தேர்ந்தெடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் ஏறிவிடும்.

கேள்வி (புளியரை, பலசரக்குக் கடை): கேமரா டிவிஆரில் (காட்சியைப் பதியும் பெட்டியில்) இருந்த டிஸ்க்கை கம்ப்யூட்டரில் மாட்டினேன், ஃபார்மேட் செய்யவா என்று கேட்கிறது. கொடுக்கவா?

பதில்: கொடுக்காதீர்கள்! வேண்டாம் என்று அமுக்கிவிட்டுக் கழற்றுங்கள். டிவிஆர்கள் பலவும் விண்டோஸுக்குப் புரியாத தனி முறையில் எழுதுகின்றன, டிஸ்க் காலி என்று அர்த்தமில்லை. அதே கம்பெனி, அதே மாடல் டிவிஆரில் மாட்டுவதுதான் நல்ல வழி, அங்கேயும் இனிஷியலைஸ் (புதிதாகத் தயார்) செய்யவா என்று கேட்டால் நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிடுங்கள்.

கேள்வி (தென்மலை): அண்ணாச்சி, டிஸ்க்கை பஸ்ஸில் கொண்டுவரலாமா? மழை வேறு விடவில்லை.

பதில்: தாராளமாக. அணைந்த டிஸ்க் ஓடுகிற டிஸ்க்கைவிட அதிர்ச்சி தாங்கும், ஆனாலும் மலைப்பாதையில் மேலே சாமான் பலகையில் வைக்காமல் மடியில் வையுங்கள். டிஸ்க் வந்த வெள்ளிக் கவர் இருந்தால் அதில் போட்டு, மேலே துண்டு சுற்றி, அதற்கும் மேலே பிளாஸ்டிக் பை. வெறும் பிளாஸ்டிக் பை டிஸ்க்கின் சர்க்யூட்டில் உரசவேண்டாம், ஸ்டாட்டிக் பிடிக்கும். நனைந்துவிட்டால் ஊதவும் வேண்டாம், வெயிலில் வைக்கவும் வேண்டாம், கரண்டும் கொடுக்கவேண்டாம், அப்படியே கொண்டுவாருங்கள். இங்கே வந்ததும் ஒரு மணி நேரமாவது மேசையில் உலரவிட்டுத்தான் நான் கேபிளையே தொடுவேன், அதனால் கடைசி பஸ்ஸில் வராமல் காலையிலேயே கிளம்பி வந்துவிடுங்கள்.