ஜிமேட் மதிப்பெண் குறைவு, படிப்புக்குக் கடன்: விண்ணப்பிக்கலாமா?

கேள்வி: ஐந்து வருடமாக வேலை பார்க்கிறேன். எம்பிஏ படிக்க ஆசை. அதற்கான நுழைவுத் தேர்வான ஜிமேட்டில் 625 வாங்கியிருக்கிறேன். நான் குறிவைத்திருக்கும் கல்லூரியின் சராசரி 700. இடம் கிடைக்குமா, இல்லை விண்ணப்பக் கட்டணம்தான் வீணாகுமா? கிடைத்தால் முழுச் செலவுக்கும் கல்விக் கடன்தான்.

பதில்: முதலில் அந்த 700 எந்தத் தேர்வின் சராசரி என்று பாருங்கள். உங்கள் மதிப்பெண் 5-இல் முடிகிறது. அப்படியென்றால் நீங்கள் எழுதியது 2023 நவம்பரில் அறிமுகமான புதிய ஜிமேட். அதில் 205 முதல் 805 வரை எல்லா மதிப்பெண்ணும் 5-இல்தான் முடியும். புதிய தேர்வில் 700-ஐத் தாண்டுபவர்கள் மிகச் சிலரே. ஆகவே கல்லூரி சொல்லும் சராசரி பழைய தேர்வின் கணக்காகத்தான் இருக்க வேண்டும். தேர்வை நடத்தும் அமைப்பின் ஒப்பீட்டு அட்டவணைப்படி பழைய 700, புதிய 645-க்குப் பக்கத்தில் வருகிறது. நீங்கள் 75 என்று பயந்த இடைவெளி சுமார் 20தான்! கல்லூரிக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

அப்புறம், சராசரி என்பது கட்-ஆஃப் இல்லை. சேர்ந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அதற்குக் கீழேதான் இருப்பார்கள். பல கல்லூரிகள் 'நடு 80 சதவீத'த்தினரின், அதாவது மேலே பத்து சதவீதத்தையும் கீழே பத்து சதவீதத்தையும் விட்டு மீதிப் பேரின், மதிப்பெண் வரம்பையும் வெளியிடுகின்றன. உங்கள் 625 அதற்குள் வந்தால் தைரியமாக விண்ணப்பியுங்கள். அதற்கும் கீழே என்றால் பத்தில் ஒரு இடத்துக்குத்தான் போட்டி போடுகிறீர்கள். மற்றவர்களிடம் இல்லாத வேலை அனுபவமோ பின்னணியோ இருந்தால்தான் அது நடக்கும்.

இடம் கிடைக்குமா என்பதைவிட, என்ன விலைக்குக் கிடைக்கும் என்பதே என் கவலை. கல்லூரிகள் தங்கள் சராசரியை உயர்த்திக்காட்ட விரும்புகின்றன. தரவரிசைப் பட்டியல்கள் சில அதையும் கணக்கில் எடுக்கின்றன. அதனால் சராசரிக்கு மேலே இருப்பவருக்கு உதவித்தொகை கொடுத்து இழுப்பார்கள். கீழே இருப்பவரைச் சேர்த்துக்கொண்டாலும் பெரும்பாலும் முழுக் கட்டணம்தான். நீங்களோ முழுவதையும் கடனில் கட்டப்போகிறீர்கள்.

ஆகவே இன்னொரு முறை எழுதுங்கள். 16 நாள் இடைவெளி விட்டால் போதும், 12 மாதத்தில் 5 முறை வரை எழுதலாம். உதவித்தொகையில் சிறு பங்கு கிடைத்தாலே தேர்வுக் கட்டணம் பல மடங்காகத் திரும்பிவிடும். குவான்ட் எனும் கணக்குப் பகுதி பலவீனமாக இருந்தால் உழைப்பை அங்கே போடுங்கள். படிப்பைத் தாங்குவாரா என்று கல்லூரி பார்ப்பது பெரும்பாலும் அதைத்தான். ஆனால் 20 மதிப்பெண்ணுக்காக ஒரு வருடம் தள்ளிப்போடாதீர்கள். நல்ல சம்பளத்தை ஒரு வருடம் தாமதமாகத் தொடுவதும் செலவுதான், ரசீது வராத செலவு. அதே சமயம், கல்லூரிகள் பல சுற்றுகளாக விண்ணப்பம் வாங்கும்போது கடைசிச் சுற்றில் அவசரமாக விண்ணப்பிக்கவும் வேண்டாம். அதற்குள் உதவித்தொகைப் பணம் பெரும்பாலும் கரைந்துவிடும்.

எட்டு, பத்து கல்லூரிகளுக்குப் போட்டுப் பார்க்கலாம் என்றும் தோன்றும். நான்கு போதும் என்பேன். அவற்றில் குறைந்தது இரண்டு, உங்கள் மதிப்பெண் சராசரிக்கு மேலே நிற்கும் கல்லூரிகளாக இருக்கட்டும். அங்கே உதவித்தொகை கிடைத்தால், பெரிய கல்லூரியிடம் அந்தக் கடிதத்தைக் காட்டிப் பணிவாகக் கேட்கலாம். கேட்டதற்காக இடத்தைப் பறிப்பது அபூர்வம்.

கடனில் கையெழுத்திடும் முன் கல்லூரியின் வேலைவாய்ப்பு அறிக்கையை எடுங்கள். முதல் பக்கத்தில் பளிச்சென்று இருக்கும் அதிகபட்சச் சம்பளத்தை விட்டுவிடுங்கள். நடுநிலைச் சம்பளம் (பாதிப் பேர் அதற்கு மேலும் பாதிப் பேர் கீழும் வாங்குவது) என்ன, படிப்பு முடிந்து மூன்று மாதத்தில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, இந்த இரண்டும் போதும். படிக்கும் காலத்து வட்டியையும் சேர்த்த மொத்தக் கடன், அந்த நடுநிலை ஆண்டுச் சம்பளத்துக்குள் அடங்கினால் சரி. ஒன்றரை மடங்கைத் தாண்டினால், இடமே கிடைத்தாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.